உண்ணி வைரஸின் மரபணுவை மாற்றித் தடுப்பூசி செய்வது தேவைதானா?

கேள்வி: மலைநாடன்
உண்ணிகள் பரப்பும், குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் வனநோய்க்கு, ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்ட தடுப்பூசி கர்நாடகத்தில் 1990 முதல் பயன்பட்டுவந்தது. அப்படியிருக்க, இத்தகைய உண்ணி வைரஸ்களின் மரபணுக்களை மாற்றியமைக்கும் ஆய்வுகள் ஏன்? இது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகாதா?

பதில்: நுண்ணோக்கி
அந்தத் தடுப்பூசியை ஒரு மாத இடைவெளியில் இரு தவணையும், 6 முதல் 9 மாதத்துக்குள் ஊக்கத் தவணையும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றுமாகப் போட வேண்டியிருந்தது. காட்டுக்குள் விறகுக்கும் இலைதழைக்கும் சென்றுவரும் மக்கள் இதைத் தவறாமல் கடைப்பிடிப்பது கடினம். இரு தவணை பெற்றவர்களில் பாதுகாப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு என்றும், ஊக்கத் தவணையும் பெற்றவர்களில் 83 என்றும் ஓர் ஆய்வு கண்டது. வீரியம் போதவில்லை என்று 2022இல் அது நிறுத்தப்பட்டது.

பதில்: வேங்கைமரம்
மரபணு ஆய்வின் தேவையை லாங்காட் வைரஸின் வரலாறு உணர்த்தும். மலேசியாவில் 1956இல் உண்ணிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது இயல்பிலேயே வலுக்குறைந்தது என்பதால், சோவியத் ஒன்றியத்தில், இதன் உறவு வைரஸ் ஒன்று உண்டாக்கும் உண்ணி மூளைக்காய்ச்சலுக்கு எதிரான உயிருள்ள தடுப்பூசியாகச் சோதிக்கப்பட்டது. ஆனால் ஏறத்தாழ 18,500 பேரில் ஒருவருக்கு மூளையழற்சி வந்தது. மூளையைத் தாக்கும் திறன் வைரஸின் எந்தப் பகுதியில் உள்ளது என்று அறியாமல் 'வலுக்குறைந்தது' என்று நம்புவது வெறும் ஊகமே. பின்னர் அமெரிக்க ஆய்வாளர்கள் லாங்காட்டின் மேற்பரப்புப் புரத மரபணுக்களை டெங்கு வைரஸின் நான்காம் வகையில் பொருத்தியபோது, அந்தக் கலப்பு வைரஸ் எலிகளின் உடலிலிருந்து மூளைக்குள் நுழையும் திறனை இழந்திருந்தது. ஆயினும் மனிதர்களில் நடந்த சோதனையில் உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் சிலரிடமே தோன்றியது. வலுவைக் குறைத்தால் பயனும் குறைகிறது; இன்றுவரை இத்துறையின் சிக்கல் அதுதான்.

கேள்வி: மலைநாடன்
விளக்கத்துக்கு நன்றி. வனநோய்க்கே இவ்வழியில் ஏதேனும் முயற்சி உண்டா?

பதில்: நுண்ணோக்கி
உண்டு. கால்நடைகளுக்கு வாய்க்கொப்புளம் உண்டாக்கும் வேறொரு வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை நீக்கி, வனநோய் வைரஸின் புரதங்களை அங்கு வைத்த தடுப்பூசி எலிகளையும் குரங்குகளையும் காத்துள்ளது. எபோலா தடுப்பூசியும் இதே அடித்தளத்தில் உருவானதே. தாங்கள் கேட்ட ஆபத்தைப் பொறுத்தவரை, பழைய முறையில்தான் உண்மையான வனநோய் வைரஸைப் பெருமளவில் வளர்த்த பின் செயலிழக்கச் செய்ய வேண்டும். இப்புதிய முறையின் உற்பத்தியில் அந்த வைரஸுக்கே இடமில்லை.