இடியப்பப் பொயிலரின் நீராவிக் குழாயை உறையால் மூடிய அனுபவம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலேயே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். பொயிலர் பின்முற்றத்தில் இருக்கிறது. அங்கிருந்து குசினியிலுள்ள அவிக்கும் பெட்டி வரை, ஏறத்தாழ பத்து மீற்றர் நீளத்துக்கு, இரும்புக் குழாய் சுவரோரமாக இடுப்பளவு உயரத்தில் ஓடுகிறது. ஒரு விடியற்காலை தட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிய மாமியின் முழங்கை அதில் பட்டுக் கொப்புளித்த பிறகுதான், குழாயை மூட வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்தது.

முதலில் செய்தது பிழை. பழைய சோனகத் தெருவில், ஏசிக் குழாய்களுக்கு மாட்டும் கறுப்பு ஸ்பொஞ் உறையை மலிவாக வாங்கி வந்தேன். பொயிலரின் அழுத்தமானி 2 பார் காட்டும்போது உள்ளே நீராவி 130 பாகை செல்சியசைத் தாண்டிவிடுகிறது. அந்த உறையோ 100 பாகையை ஒட்டியே கெட்டுவிடும் பொருள். ஒரு கிழமைக்குள் அது இறுகி வெடித்து, இடியப்பத்திலும் றப்பர் மணம் ஏறிவிட்டது.

பிறகு ரொக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய, வெப்பம் தாங்கும் பஞ்சு) உறைகளை மாட்டி, மேலே அலுமினியத் தகடு சுற்றினோம். வெட்டும்போது தூசு தொண்டையை அரிக்கும் என்பதால் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்தோம். பழைய கல்நார் (அஸ்பெஸ்டஸ்) கயிற்றை இலவசமாகத் தருவதாக ஒருவர் சொன்னார். அதன் இழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பதால் மறுத்துவிட்டேன். (எங்கள் கூரையே அஸ்பெஸ்டஸ் சீற் என்பது வேறு விடயம். அதை வெட்டாமல், துளையிடாமல் விட்டிருக்கிறோம்.) குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் சீமெந்து பூசியதும் தவறுதான்: சூடேறும்போது இந்த நீளக் குழாய் ஒரு சென்ரிமீற்றருக்கும் சற்று அதிகமாக நீள்வதால் பூச்சு பிளந்துவிட்டது. ஆயினும் மூடிய பின் குழாய்க்குள் நீராவி குளிர்ந்து நீராவது குறைந்து, தட்டுகளில் நீர் சொட்டி இடியப்பம் குழைவதும் நின்றது.

*

தெஹிவளையில் எங்கள் வீட்டிலும் இதே தொழில்தான். மேலே எழுதியவருக்கு நேராத ஒன்று எங்களுக்கு நேர்ந்தது. குழாய்க்கு உறை மாட்ட வந்தவர் வேலை நேர்த்தியாக இருக்க வேண்டுமென்று பாதுகாப்பு வால்வையும் சேர்த்துத் தகட்டால் மூடிவிட்டார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் வால்வின் நெம்புகோல் அசைய இடமில்லை, நீராவி வெளியேறும் வாயும் அடைபட்டிருந்தது. அழுத்தம் ஏறியிருந்தால் அதை இறக்க வேறு வழியே இல்லை. அன்று மாலையே தகட்டைப் பிரித்தோம். கசிவு கண்ணில் படுவதற்காக மூட்டுகளையும் இப்போது திறந்தே வைத்திருக்கிறோம். மாதத்துக்கு ஒரு முறை, வெளியேறும் வாய்க்கு எதிரே நிற்காமல், தடித்த கையுறையுடன் நெம்புகோலைத் தூக்கிப் பார்க்கிறேன். அந்தச் சீற்றத்தில் முற்றத்துப் பூனை மதிலேறி ஓடிவிடும்.