புதுப்பிப்பு: டிசைன் பட்டியலை இஆர்பியில் ஏற்றினால் இரட்டைக் கொள்முதல்

முந்தைய கேள்வி இது: ஆர்டருக்கு ஒன்றாகச் செய்யும் இயந்திரங்களில், கேட் (கணினியில் டிசைன் வரையும் மென்பொருள்) தரும் பொருள் பட்டியலை இஆர்பியில் (கொள்முதல், இருப்பு போன்றவற்றை நிர்வகிக்கும் மென்பொருள்) ஏற்றியதும் சில பொருட்கள் இரண்டு தடவை வாங்கப்படுவது ஏன்?

இரண்டையும் இணைக்கும் நிரலில் கோளாறு இல்லை. கியர்பாக்ஸ், சர்வோ மோட்டார் போல வந்துசேர நாளாகும் பொருட்களுக்கு டிசைன் முடியும் முன்பே கையால் பிஓ (கொள்முதல் ஆணை) போட்டுவிடுகிறோம். அதில் புராஜெக்ட் எண் உண்டு, பட்டியல் வரி எண் இல்லை. அதனால் முழுப் பட்டியல் ஏறும்போது இஆர்பி அதைப் புதுத் தேவையாகவே எடுத்துக்கொள்கிறது.

இப்போதைய வழி: முதல் நாளே ஒரு வெற்று அசெம்பிளி (பாகங்களின் தொகுப்பு) திறந்து, அந்தப் பொருட்களை மட்டும் வரிகளாகப் போட்டு, பிஓவை அவற்றோடு கட்டிவிடுவது. பிறகு அந்த வரிகளைத் திருத்தலாம். அழித்துவிட்டு மறுபடி ஏற்றக் கூடாது, பிஓவின் முடிச்சு அறுந்துவிடும்.

தேடும்போது அகப்பட்ட இன்னொன்று, அலகு. 10 மிமீ தடிமனில் 500×400 மிமீ எம்எஸ் (மென் எஃகு) பிளேட்டை கேட் ‘4’ என்று, அதாவது நான்கு துண்டு என்று அனுப்புகிறது. துண்டுக்கு 15.7 கிலோ, மொத்தம் 62.8. கொள்முதல் அலகு கிலோ என்பதால் பிஓவில் விழுந்தது 4 கிலோ! துண்டைக் கிலோவாக மாற்றும் கணக்கை இணைப்பு நிரலில் எழுதாமல் பொருள் மாஸ்டரிலேயே (ஒவ்வொரு பொருளின் அடிப்படை விவரப் பதிவு) வைப்பது நல்லது.

பிஓ போன பிறகு வரும் வரைபடத் திருத்தம் மட்டும் இன்னும் கைவேலைதான்.