இங்கிலாந்தில் அறிவியல் ஆசிரியராக விரும்பும் நம்மவர்களுக்கு: உயிரியல் படித்தவர்கள், படிக்கப் போகிறவர்கள்

கேள்வி: அக்கா, கணவரின் வேலை விசாவில் துணையாக லண்டனின் ஹாரோவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. திருச்சியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். பி.எட். படிக்கவில்லை. இங்கே மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டிலிருந்து மறுபடியும் உயிரியல் படித்தால்தான் முடியும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கட்டணத்தைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: அன்புத் தங்கைக்கு, உண்டு. அந்தப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை இன்றைக்கே ஓரமாக வைத்துவிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே பட்டம் இருக்கிறது. இங்கே ஆசிரியராகத் தேவைப்படுவது இளங்கலைப் பட்டம், அதன் மேல் ஓராண்டுப் பயிற்சி, அதன் முடிவில் கிடைக்கும் க்யூ.டி.எஸ். என்ற ஆசிரியத் தகுதி. அந்த ஓராண்டுப் படிப்பைப் பெரும்பாலும் பி.ஜி.சி.இ. என்பார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கு, அது எந்த நாட்டுப் பட்டமானாலும், இரண்டாவது இளங்கலைக்கு அரசின் கல்விக் கடன் பொதுவாகக் கிடைக்காது. பி.ஜி.சி.இ.க்கு அந்தத் தடை இல்லை. நம் ஊரில் பட்டம் பெற்று வந்தவர்கள் பலருக்கு இந்த ஒரு விதியை யாரும் சொல்வதில்லை. சேமிப்பையெல்லாம் கொட்டி முதலாம் ஆண்டில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம்.

முதல் வேலை, யூ.கே. எனிக் நிறுவனத்திடம் உங்கள் பட்டத்துக்கு ஒப்பீட்டுச் சான்று வாங்குவது. நம் மூன்றாண்டுப் பட்டத்தை அவர்கள் எந்த நிலையில் மதிப்பிடுகிறார்கள் என்பது பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த முடிவை வைத்து உங்கள் முடிவைக் கணிக்காதீர்கள். அடுத்தது, ஆங்கிலத்திலும் கணிதத்திலும், இங்கே பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் 4ஆம் தரம் அல்லது அதற்கு ஈடான தகுதி. நம் பத்தாம் வகுப்புச் சான்றிதழைச் சில பயிற்சி நிறுவனங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்காவிட்டால் சமநிலைத் தேர்வு எழுதலாம். அல்லது ஜி.சி.எஸ்.இ. தேர்வையே தனித்தேர்வராக எழுதிவிடலாம். ஆங்கிலத்தையும் கணிதத்தையும் கோடைத் தேர்வில் தவறவிட்டவர்கள் நவம்பரிலும் எழுத முடியும்.

இப்போது பணம். உள்நாட்டு மாணவருக்கு 2025-26இல் கட்டணம் 9,535 பவுண்ட் வரை. வெளிநாட்டு மாணவர் என்று வகைப்படுத்தினால் லண்டனில் 20,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். துணைவர் விசாவில் இருக்கும்வரை பெரும்பாலான இடங்களில் உங்களை இரண்டாவது வகையில்தான் சேர்ப்பார்கள். நிரந்தர வசிப்புரிமையும், அதற்கு முன் மூன்றாண்டு வழக்கமான வசிப்பும் இருந்தால் உள்நாட்டுக் கட்டணம், கல்விக் கடன், உதவித்தொகை மூன்றும் திறந்துவிடும். உயிரியலுக்கான உதவித்தொகை நிலையானது அல்ல. 2021இல் அது 7,000 பவுண்ட், 2025இல் 26,000 பவுண்ட். ஆசிரியர் தட்டுப்பாட்டைப் பார்த்து அரசு ஆண்டுதோறும் ஏற்றி இறக்கும். கல்விக் கடனுக்குத் தகுதி இல்லாதவர்களுக்கு உயிரியலில் இது கிடைக்காது. ஆகவே "இருபத்தாறாயிரம் தருகிறார்களாமே" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு, எந்த விசாவில் இருப்பவருக்கு என்று கேளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் காத்திருக்கும் காலத்தைப் பள்ளிக்குள் கழிப்பேன். உங்கள் விசாவில் வேலை செய்யத் தடையில்லை. ஆய்வக உதவியாளர், ஆசிரியர் உதவியாளர், ஆசிரியர் வராத நாளில் வகுப்பைக் கவனித்துக்கொள்பவர் என்று பள்ளிகளில் வேலைகள் உண்டு. இவற்றில் ஆய்வக உதவியாளர் வேலைக்குத்தான் என் ஓட்டு. சம்பளம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு செய்முறைக்கும் என்ன வேண்டும், எது உடையும், எந்தக் கரைசலை எந்த அடர்த்தியில் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் பழகும். செய்முறைப் பாதுகாப்புக்குப் பள்ளிகள் நம்பியிருக்கும் கிளீப்ஸ் அமைப்பின் வழிகாட்டிகளை அன்றாடம் புரட்டுவீர்கள். இதையெல்லாம் அறிந்து பயிற்சிக்கு வருபவர் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னே நிற்பார். சம்பளத்துடன் கூடிய பயிற்சி இடங்களும் இருக்கின்றன. அவை குறைவு, போட்டி அதிகம். ஒரு பள்ளியில் ஏற்கெனவே வேலை செய்பவருக்கு அந்தக் கதவு சற்று எளிதாகத் திறக்கும்.

இனி வேலையைப் பற்றி. நீங்கள் விலங்கியல் படித்தவர். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பிலேயே தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் புத்தகங்களாகப் பிரிந்துவிடும். இங்கே பதினாறு வயதுவரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 'அறிவியல்' என்ற ஒரே பாடம். உயிரியல் ஆசிரியையாகப் பயிற்சி பெற்றாலும் 11 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்கு மின்சுற்று, ஒலி அலை, அமிலம், காரம் எல்லாமே நீங்கள்தான் நடத்துவீர்கள். 14 முதல் 16 வரையிலும் பல பள்ளிகளில் அப்படித்தான். பெரும்பான்மையான மாணவர்கள் எழுதும் இணைந்த அறிவியலில் ஆறு தாள்கள்: உயிரியல், வேதியியல், இயற்பியல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஆகவே இன்று மாலையிலிருந்து நீங்கள் படிக்க வேண்டியது இயற்பியல். பதினான்கு வயதுப் பிள்ளைக்கான இயற்பியல் புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்து, மின்தடை பற்றிய பாடத்தை வாய்விட்டு ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள். எளிதாகத் தோன்றும் பாடம்தான் நாக்கில் சிக்கும்.

ஒரு வகுப்பு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ஜி.சி.எஸ்.இ. உயிரியலில் எல்லோரும் செய்தாக வேண்டிய செய்முறைகளில் ஒன்று, உருளைக்கிழங்கை வைத்து சவ்வூடுபரவலை, அதாவது செல்களின் சவ்வு வழியே நீர் உள்ளே வெளியே போவதை, அளப்பது. கிழங்கிலிருந்து குழாய் போன்ற துளைப்பானால் ஒரே தடிமனில் துண்டுகளை எடுத்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, எடை பார்த்து, வெவ்வேறு அடர்த்தியுள்ள சர்க்கரைக் கரைசல்களில் போட வேண்டும். அரைமணி நேரமாவது ஊறினால்தான் எடை மாற்றம் தெளிவாகத் தெரியும். பாடவேளையோ ஒரு மணி நேரம். முப்பது பிள்ளைகள், நாலைந்து தராசுகள். துண்டை வெளியே எடுத்ததும் மேலே ஒட்டியிருக்கும் நீரை எல்லோரும் ஒரே மாதிரி ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு குழு காகிதத்தில் உருட்டி அழுத்தும், இன்னொரு குழு ஈரத்தோடு தராசில் வைத்துவிடும். முடிவு மாறிவிடும். எண்கள் மாறியது ஏன் என்று அந்த இரண்டு குழுக்களையும் எதிரெதிரே நிறுத்திப் பேச வைக்கும் ஐந்து நிமிடத்தில்தான் அன்றைய பாடம் இருக்கிறது. சவ்வூடுபரவலின் வரைவிலக்கணத்தைப் பலகையில் எழுதிப்போட்டால் அவர்கள் அழகாகப் பார்த்து எழுதுவார்கள், அடுத்த வாரம் ஒன்றும் நினைவிருக்காது. நாம் வளர்ந்த வகுப்பறைகளில் ஆசிரியர் பேசினார், நாம் எழுதினோம். அந்தப் பழக்கத்தைக் கைவிடுவதுதான் பயிற்சி ஆண்டில் நம்மவர்களுக்கு மிகக் கடினமான வேலை. பாட அறிவில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நிற்கக் கற்க வேண்டும்.

பயிற்சி ஆண்டில் குறைந்தது 120 நாட்கள் பள்ளியில்தான் இருப்பீர்கள், அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில். யூ.சி.எல்., கிங்ஸ் காலேஜ் போன்ற பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன, பள்ளிகள் ஒன்றுசேர்ந்தும் நடத்துகின்றன. பெயரைப் பார்த்து மயங்காமல், எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள், வீட்டிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேளுங்கள். காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தில் நிற்க வேண்டிய வேலை இது. சிறு குழந்தை இருந்தால் அந்த ஒரு கேள்வியே உங்கள் ஆண்டைத் தீர்மானிக்கும்.

நேர்காணலில் பத்து, இருபது நிமிடம் ஏதாவது ஒரு கருத்தைக் கற்பித்துக் காட்டச் சொல்லலாம். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். "மிஸ், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது" என்று ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்வீர்கள்? நம் மனம் உடனே "சொல்ல மாட்டேன் கண்ணா" என்று சொல்லத் துடிக்கும். அந்த வாக்கை இங்கே கொடுக்கவே கூடாது. கேட்டுக்கொண்டு, பள்ளியில் அதற்கென்று நியமிக்கப்பட்டவரிடம் அன்றே சொல்லியாக வேண்டும். பிள்ளையிடமும் அதை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். இதை மனதார ஏற்றுக்கொண்டு போங்கள்.

கேள்வி: வணக்கம். கோவையில் எம்.எஸ்சி., பி.எட். முடித்து ஆறாண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்தவன். எனக்கும் இந்த ஓராண்டு தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் தகுதி பெற்று, 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல், கணிதம், மொழிகள் கற்பிக்கும் ஆசிரியர்கள் நேரடியாகவே க்யூ.டி.எஸ். கோரி விண்ணப்பிக்க 2023 முதல் வழி இருக்கிறது. தகுதிக்குப் பிறகு குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். பழைய பள்ளியிடம் அனுபவக் கடிதம் வாங்கும்போது எந்த வகுப்புகளுக்கு, எந்த வயதினருக்குக் கற்பித்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மேல்நிலை வகுப்பு மட்டும் எடுத்தவர்கள் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அங்கிருந்து வந்த ஆசிரியர்கள் க்யூ.டி.எஸ். இல்லாமலே நான்கு ஆண்டுகள் வரை கற்பிக்கலாம், அதற்குள் தகுதியைப் பெற்றுவிட வேண்டும்.

கேள்வி: ஆசிரியை அவர்களுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எனக்கு அகதி அங்கீகாரம் கிடைத்துவிட்டது. மகள் இங்கே பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளான ஏ லெவல் தொடங்கப் போகிறாள். உயிரியல் படித்து ஆசிரியையாகப் போகிறேன் என்கிறாள். கெட்டிக்காரி, மருத்துவம் படிக்கலாமே என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம்.

பதில்: அண்ணா, உங்கள் மகள் அறிந்து சொல்வதாகத்தான் எனக்குப் படுகிறது. பதினாறு வயதில் ஒரு பிள்ளை ஆசிரியையாக வேண்டும் என்று தானாகச் சொல்வது அரிது. அதைத் தயவுசெய்து தட்டிவிடாதீர்கள். வருமானத்தைப் பற்றிய கவலை என்றால், 2025 செப்டம்பரிலிருந்து புதிய ஆசிரியரின் ஆரம்பச் சம்பளம் லண்டனுக்கு வெளியே ஆண்டுக்கு 32,916 பவுண்ட், உள் லண்டனில் 40,317 பவுண்ட். முதல் இரண்டு ஆண்டுகள் வழிகாட்டி ஆசிரியரோடு புதியவராக நடத்துவார்கள். முதலாம் ஆண்டில் பாடவேளையில் பத்து சதவீதம், இரண்டாம் ஆண்டில் ஐந்து சதவீதம் குறைத்துத் தருவார்கள்.

ஏ லெவலில் உயிரியலோடு வேதியியலை எடுக்கச் சொல்லுங்கள். இலங்கையில் உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் பௌதிகவியலையும் (இயற்பியல்) சேர்த்துப் படிப்பது வழக்கம். அந்த மூன்றையும் இங்கே எடுக்க அவளுக்கு விருப்பமிருந்தால், அறிவியல் ஆசிரியைக்கு அதைவிடப் பொருத்தமான சேர்க்கை இல்லை. பட்டப்படிப்பில் உயிர்மருத்துவ அறிவியல் என்ற பெயர் வீட்டாருக்குக் கவர்ச்சியாக இருக்கும். அதைப் படித்தவர்களும் ஆசிரியராகலாம். ஆனால் பொது உயிரியல் பட்டத்தில் தாவரம், சூழலியல், மரபியல், பரிணாமம் எல்லாம் வரும், வகுப்பறையில் அவை எல்லாம் தேவைப்படும். வெளிக்களப் பயிற்சி உள்ள பட்டமாகப் பாருங்கள். புல்வெளியில் சதுரச் சட்டத்தை வைத்துத் தாவரங்களை எண்ணுவதும் ஜி.சி.எஸ்.இ. செய்முறைதான். அதைத் துணிந்து வெளியே அழைத்துப்போய்ச் செய்விக்கும் ஆசிரியர்களைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

கட்டணம் பற்றி: அகதி அங்கீகாரம் பெற்றவருக்கு மூன்றாண்டு வசிப்பு விதி கிடையாது. நீங்கள் தஞ்சம் கோரிய நாளில் மகள் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்திருந்தால் அவளுக்கும் அப்படியே. அந்தக் கடிதங்களின் பிரதிகளை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டவள்தான். அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். என்ன எடுத்துவரச் சொல்லட்டும்?

பதில்: பட்டச் சான்றிதழின் அசல், ஒவ்வொரு பருவத்துக்குமான மதிப்பெண் பட்டியல், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள். கல்லூரியில் ஆங்கில வழியில் படித்ததாக ஒரு கடிதம், உங்கள் ஆண்டுகளுக்கான பாடத்திட்டத்தின் பிரதி. பாடத்திட்டத்தை இங்கிருந்து கேட்டு வாங்குவது பெரும்பாடு. அம்மா கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போனால் வேலை சுலபமாக முடியும். திருமணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெயர் மாறியிருந்தால் திருமணப் பதிவுச் சான்றிதழும் கட்டாயம். பள்ளி வேலைக்குக் குற்றப் பதிவுச் சோதனை உண்டு. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்றையும் கேட்பார்கள், அதை வேலை கிடைக்கும் நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவிடம் எல்லாவற்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெட்டியில் போட வேண்டாம்.