எச்சரிக்கையே வராம சுட்டுட்டான்: விமானச் சண்டை சிமுலேட்டர் அனுபவங்கள்

செல்லூர்:
‘எச்சரிக்கையே வராம சுட்டுட்டான்’னு டிசிஎஸ்ங்கிற சிமுலேட்டர்ல எஃப்-18 போர் விமானம் ஓட்டுறவங்ககிட்ட அடிக்கடி வர்ற புகார் இது. பறந்ததைத் திரும்ப ஓட்டிக் காட்டுற டேக்வியூ மென்பொருள்ல ரெக்கார்டிங்கைத் திறந்து பார்த்தா, அடிச்சது பெரும்பாலும் ஆர்-73. அது வெப்பத்தைத் தேடி வர்ற ஏவுகணை, ரேடார் அலையே விடாது. நம்ம ஆர்டபிள்யூஆர், அதாவது விமானத்துல இருக்குற ரேடார் எச்சரிக்கைக் கருவி, ரேடார் அலையை மட்டும் கேட்குற காது. அப்புறம் எதைக் கேட்டுக் கத்தும்? எதிராளி தலையைத் திருப்பிப் பார்த்தே குறி வைக்கிற ஹெல்மெட் சைட்டுல குறி வெச்சா ரேடார் லாக்கும் தேவையில்ல. ஏ-10சி விமானத்துல கதை வேற. ஏவுகணையோட ராக்கெட் எரியும்போது வர்ற புற ஊதா ஒளியைப் பார்க்குற சென்சர் அதுல இருக்கு. மோட்டார் எரிஞ்சு அணைஞ்சதும் அதுவும் குருடுதான்.

ஆக, எஃப்-18ல பத்து மைலுக்குள்ள போகும்போதே இன்ஜின் பின்னாடி கூடுதலா நெருப்பு விடுற ஆஃப்டர்பர்னரை அணைச்சிடுங்க. வெப்ப ஏவுகணையை ஏமாத்துற தீப்பந்தமான ஃப்ளேரை முன்கூட்டியே விட்டுக்கிட்டே போங்க. பார்த்துட்டு விடலாம்னு இருந்தா முடிஞ்சது.

திருப்பரங்குன்றம்:
ரேடார் ஏவுகணையிலயும் ரெண்டு தினுசு இருக்குண்ணே. ஆர்-27ஆர், ஸ்பாரோ ரெண்டுக்கும் ஏவினவன் கடைசிவரை ரேடாரை நம்ம மேலயே பிடிச்சிருக்கணும், அதனால ஏவினதுமே மணி அடிச்சிடும். சொந்த ரேடார் வெச்சிருக்குற ஆம்ராம் ஏவுகணையை டிடபிள்யூஎஸ்ல, அதாவது லாக் பண்ணாமத் தேடிக்கிட்டே பின்தொடர்ற ரேடார் முறையில, ஏவினா மணி அடிக்காது. அதோட சொந்த ரேடார் முழிச்ச பிறகுதான் ஆர்டபிள்யூஆர் ஸ்கோப்ல ‘எம்’ வரும். மிச்சம் சில விநாடிதான். ‘எம்’மை மூணு மணி, இல்ல ஒன்பது மணிப் பக்கம், அதாவது நமக்கு நேர் வலதுக்கோ இடதுக்கோ கொண்டுவந்து, மூக்கை இறக்கி, ரேடாரைக் குழப்புற உலோகத் துணுக்கான சாஃப் விடணும். இறங்காம குறுக்கே மட்டும் பறக்குறவங்கதான் மாட்டுறாங்க. நமக்குப் பின்னாடி தரை இருந்தாத்தான் தரையோட எதிரொலியில நம்ம எதிரொலி கரையும்.

கோரிப்பாளையம்:
அப்ப திரையில வர்ற எச்சரிக்கை மெசேஜ் எல்லாத்தையும் அணைச்சாத்தான் ரியலிசமா? ஒத்துக்க மாட்டேன். இரண்டாம் உலகப் போர் விமானமான ஸ்பிட்ஃபயரோட இறக்கை, நுனிக்குப் போகப் போக லேசா கீழ்நோக்கி முறுக்கியிருக்கும். அதனால உள்பக்கம் முதல்ல ஸ்டால் ஆகி, அதாவது தூக்குற விசையை இழந்து, விமானம் குலுங்கும், அதுதான் பைலட்டுக்கு எச்சரிக்கை. நம்ம பிளாஸ்டிக் நாற்காலி குலுங்குமா? உடம்புக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதைத் திரை சொன்னா அது நியாயம். காக்பிட்டுல எவனுக்குமே தெரியாததைச் சொன்னாத்தான் ஏமாத்து. அதே போர்க்கால ஜெர்மன் விமானம் ஃபோக்-உல்ஃப் 190ஐ இழுத்துத் திருப்பினா சொல்லாமக் கொள்ளாமப் புரளும். அங்க எச்சரிக்கை வராததுதான் நிஜம்.

குலுங்குற சத்தத்தை ஹெட்போன்ல கேளுங்க. இந்தச் சித்திரை வெயிலுக்கு ஃபேனை அஞ்சுல வெச்சுக்கிட்டு ஸ்பீக்கர்ல ஓட்டினா அந்தச் சத்தம் காதுல விழாது.

செல்லூர்:
அது சரிதான். ஆனா ‘இன்ஜின் சூடாயிருச்சு’ன்னு எழுத்து வர்றது எனக்குப் பிடிக்கல. வெப்பநிலை முள்ளைப் பார்த்து ரேடியேட்டரைத் திறக்குறது பைலட் வேலை. சிம்மக்கல்லுல எல்லா வண்டியும் ஹாரன் அடிச்சா எவன் திரும்பிப் பார்ப்பான்?

திருப்பரங்குன்றம்:
பிங்கோவை, அதாவது ‘இதுக்கு மேல குறைஞ்சா தளத்துக்குத் திரும்பு’ங்கிற எரிபொருள் அளவை, விட்டுட்டீங்களே. ‘எரிபொருள் எச்சரிக்கை வரல’ன்னு திட்டுறவங்க பலர் அதை வைக்கவே இல்ல. எஃப்-18ல எரிபொருள் காட்டுற சின்னத் திரை பக்கத்துல ரெண்டு அம்புக்குறிப் பொத்தான் இருக்கு. ஓடுபாதையிலயே அழுத்தி எண்ணை நீங்கதான் வைக்கணும். பக்கத்துத் தளம்னா 3,000 பவுண்டு, தூரம்னா 4,500. எஃப்-16ல லிஸ்ட் பொத்தானை அழுத்தி, அப்புறம் 2ஐ அழுத்தினா பிங்கோ வைக்கிற பக்கம் வரும்.