ஃபாரமிரைப் படம் கெடுத்துவிட்டதா?

ஆற்றங்கரை வாசகி
‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று படங்களையும் விடுமுறையில் திரும்பப் பார்த்தேன். 2002-இல் வந்த இரண்டாவது படத்தில் கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபாரமிர் வரும் பகுதியை என்னால் இன்னமும் ஏற்க முடியவில்லை. டோல்கீனின் நாவலில், மனதைக் கெடுக்கும் தீய மோதிரத்தை அழிக்க எதிரியின் நாடான மோர்டோருக்குப் போகும் ஃபிராடோவும் துணைக்கு வரும் சாமும் ஃபாரமிரிடம் பிடிபடுகிறார்கள். சாம் வாய்தவறி மோதிரத்தைப் பற்றி உளறிவிடுகிறான். ஃபாரமிர் எழுந்து நிற்கிறான். குகைக்குள் குட்டை உருவ ஹாபிட்டுகளான அந்த இருவர், சுற்றிலும் அவனுடைய வீரர்கள். கை நீட்டினால் மோதிரம் அவனுக்கு. அப்புறம் மெல்லச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். வழியில் கிடந்தால்கூட எடுக்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தான், அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறான். மோதிரத்துக்கு ஆசைப்பட்டு அண்ணன் போரமிர் தடுக்கி விழுந்த அதே இடத்தில் தம்பி நிற்கிறான். படத்திலோ ஃபிராடோவைக் கைதியாக ஆஸ்கிலியத் என்ற பாழடைந்த நகரம் வரை இழுத்துப் போகிறான். இன்னொரு போரமிர் எதற்கு?

எடிட்டிங் மேசை
படத்தின் பக்கம் நின்று பாருங்கள். மந்திரவாதி காண்டால்ஃப் அந்த மோதிரத்தைத் தொடவே பயப்படுகிறார், எல்ஃப் தலைவி கலாட்ரியேல் ஆடிப்போகிறாள், போரமிர் வீழ்கிறான். முதல் படம் முழுக்க இதைக் காட்டிவிட்டு, இரண்டாவது படத்தில் ஒருவன் ஒரே ராத்திரியில் ‘வேண்டாம்’ என்று சொன்னால் மோதிரத்தின் மேல் இருக்கும் பயமே போய்விடும். திரைக்கதை எழுதியவர்கள் சொன்ன காரணமும் இதுதான்.

இன்னொன்று, நாவலின் இரண்டாம் பாகம் ஷெலோப் என்ற ராட்சதச் சிலந்தியோடு முடிகிறது, படம் அதை மூன்றாவது பாகத்துக்குத் தள்ளிவிட்டது. பலர் திட்டுகிறார்கள். ஆனால் டோல்கீனே பின்னிணைப்பில் கொடுத்திருக்கும் தேதிகளைப் பாருங்கள். இரண்டாவது படத்தின் உச்சமான ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் மார்ச் 3, 4. ஃபிராடோ ஃபாரமிரைச் சந்திப்பதே மார்ச் 7. ஷெலோப் குகை மார்ச் 12. கதைகளை மாற்றி மாற்றிக் காட்டும் படத்தில் ஹெல்ம்ஸ் டீப் முடியும்போது ஷெலோப் வருவதுதான் தவறு. அப்படியானால் ஃபிராடோ பக்கத்துக்கு ஒரு உச்சம் வேண்டும். அதற்குத்தான் ஆஸ்கிலியத்.

ஆற்றங்கரை வாசகி
தேதிக் கணக்கு சரிதான், ஷெலோப் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோதிரம் எல்லோரையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை நண்பரே. ஒருவனுக்குள் இருக்கும் ஆசையைத்தான் பிடிக்கிறது. நாவலில் சாம் அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும்போது உலகத்தையே தோட்டமாக்கும் கனவைக் காட்டுகிறது. தனக்கு ஒரு சின்னத் தோட்டம் போதும் என்று அவன் உதறிவிடுகிறான். அதனால் மோதிரத்தின் பயம் குறைந்துவிட்டதா? ஃபாரமிருக்கு வெற்றியின் மேல் வெறி இல்லை. அவனை அது பிடிக்காமல் போவது மோதிரத்தின் இயல்பையே காட்டுகிறது.

அதோடு ஆஸ்கிலியத்தில் ஃபிராடோ நாஸ்குல் முன்னால் போய் நின்று மோதிரத்தை மாட்டப் பார்க்கிறானே! ரகசியமாக மோர்டோருக்குள் நுழைவதுதான் முழுத் திட்டம். எதிரியின் ஆள் கண்ணெதிரே பார்த்த பிறகு ரகசியம் எங்கே இருக்கிறது?

மலைப்பாதை
என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய ஓட்டை மூன்றாவது படத்தில், மோர்டோருக்கு ஏறும் படிக்கட்டில். மோதிரத்தின் மேல் கண் வைத்து வழிகாட்டியாக வரும் கோல்லம், அவர்களுடைய பயண உணவான லெம்பாஸ் ரொட்டியைக் கீழே வீசிவிட்டு சாம்தான் தின்றான் என்று நம்பவைக்கிறது. ஃபிராடோ சாமை வீட்டுக்குப் போகச் சொல்கிறான். நாவலில் இப்படி எதுவுமே இல்லை. கீழே போன சாம் ரொட்டியைக் கண்டதும் ஏதோ உண்மை தெரிந்ததுபோலக் கோபத்தோடு திரும்புகிறான். தான் தின்னவில்லை என்பது அவனுக்கு முன்பே தெரியாதா? அவ்வளவு தூரம் கூடவே வந்தவன், நண்பனைக் கோல்லத்திடம் விட்டுவிட்டு இறங்கினான் என்பதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

எடிட்டிங் மேசை
படிக்கட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. தவறுதான்.

ஃபாரமிரை மட்டும் விடமாட்டேன். இரண்டாவது படத்தின் நீளப் பிரதியைப் பார்த்தீர்களா? தந்தை டெனெதர் மோதிரத்தைக் கொண்டுவரச் சொல்லிப் போரமிரை அனுப்புகிறார். நான் போகிறேன் என்று முன்வரும் தம்பியை ஏளனமாக ஒதுக்குகிறார். அந்த ஒரு காட்சி போதும், மோதிரத்தை ஏன் கொண்டுபோக நினைக்கிறான் என்று புரிந்துவிடும். அவனுக்கு அப்பாவிடம் ஒரு நல்ல சொல் வேண்டும். தியேட்டர் பிரதியில் அதை வெட்டியதால்தான் அவன் வெறும் பேராசைக்காரனாகத் தெரிகிறான். வெட்டியது தவறு, எழுதியது தவறில்லை.

ஆற்றங்கரை வாசகி
பார்த்தேன். அந்தக் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது. அவன் ஏன் பிடித்தான் என்பதற்கு அது பதில் சொல்கிறது, ஏன் விட்டான் என்பதற்குச் சொல்லவில்லை. நாவலில் ஃபிராடோவிடம் நெடுநேரம் பேசி, அவன் மன உறுதியை எடைபோட்டுத்தான் ஃபாரமிர் வழியனுப்புகிறான். படத்தில் ஃபிராடோ நாஸ்குல் முன் நிலைகுலைந்ததையும், தடுத்த சாமின் கழுத்திலேயே வாளை வைத்ததையும் பார்த்துவிட்டு விடுகிறான். அதைப் பார்த்த எந்தத் தளபதி அதே மோதிரத்தை அதே கையில் கொடுத்து மோர்டோருக்கு அனுப்புவான்?