பீடியை விட வைத்தது எப்படி? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

உறவுகளே, அப்பாவுக்கு வயது 64. மலக்குடல் புற்றுநோய்க்காக மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பகுதியை வெட்டி, இரு முனைகளையும் இணைத்தார்கள். இணைப்பின் வழியே மலம் போகாதிருக்க, சிறுகுடலை வயிற்றின்மேல் திறந்து தற்காலிகப் பை பொருத்தியிருக்கிறார்கள். ஊசியில் சாயம் ஏற்றி, சிறப்புக் கேமராவில் ரத்த ஓட்டத்தைப் பார்த்த பிறகே இணைத்தார்களாம். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், முனைகளுக்கு ரத்தம் வந்தால்தான் ஆறும், இல்லையேல் கசியும் என்றார் மருத்துவர். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்றும் எச்சரித்தார்.

நேற்று கொல்லையில் அப்பா மறைந்து நின்று பீடி பிடித்தார். நாற்பது ஆண்டுப் பழக்கம். பார்த்ததும் அழுதுவிட்டேன்.

இதே நிலையில் புகையை விட்டவர்கள், விட வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதல் சில நாள்களை எப்படிக் கடந்தீர்கள்? திட்டாமல் எப்படிப் பேசினீர்கள்? பையில் நீராகப் போனபோது உப்பையும் நீரையும் எப்படி ஈடுகட்டினீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.