ஆயா சொல்ற 'முக்காலே மூணு வீசம்'னா என்ன? உங்க வீட்ல என்ன டயலாக் ஓடுது?

பெரம்பூர்க்காரன்:
எங்க ஆயாவுக்கு 84 வயசு, எதைக் கேட்டாலும் நேரா பதில் வராது. சோறு வெந்துச்சான்னா "முக்காலே மூணு வீசம் வெந்துச்சு"ம்பாங்க, மாடி வீட்டுப் பையன் எப்டின்னா "முக்காலே மூணு வீசம் நல்லவன், மீதி ஒரு வீசம்தான் கழண்டுக்கிச்சு". நானும் முப்பது வருஷமா தலையாட்டிட்டு இருந்தேன், போன வாரம் என் வைஃப் வீசம்னா வீசையா கிலோவான்னு கேட்டதும் முழிச்சேன். ஆயாவ கேட்டா "எங்கம்மா சொல்லுவா, நானும் சொல்றேன், போய் வேலையப் பாரு". யாருக்காச்சும் தெரியுமா? அப்டியே உங்க வீட்டு டயலாக்கும் போடுங்க.

ரிட்டையர்டு வாத்தியார்:
வீசம்னா பதினாறுல ஒண்ணு தம்பி. வீசை வேற, அது எடை. முக்கால்னா 12 வீசம், அதோட மூணு, ஆக 16க்கு 15. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்துல இதெல்லாம் சின்னப் பசங்க வாய்லயே வரும். 1957ல நயா பைசா வந்துச்சு, ஆனா மளிகைக்கடை வச்சிருந்த எங்கப்பா கடைசி வரைக்கும் 25 பைசாவ நாலணான்னுதான் சொன்னார். உங்க ஆயா சொல்றது பக்கா கணக்கு, 93.75 சதவீதம். இன்னும் ஒரு கொதி விட்டு இறக்கிடலாம்.

ராயபுரம் பொண்ணு:
நான் சேட்டை பண்ணா எங்கம்மா "வந்துட்டா எம்டன்"ம்பாங்க. எமனத்தான் அப்டி சொல்றாங்கன்னு காலேஜ் போற வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன் 😂 அப்புறம் ஹைகோர்ட் சுவத்துல கல்வெட்டு பாத்துதான் தெரிஞ்சது, 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்னு ஒரு ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்துல எண்ணெய் டாங்க்க கொளுத்திட்டு போயிருக்கு, ஊரே மூட்டை கட்டிருக்கு. அந்தக் கப்பல் நவம்பர்லயே காலி. பேரு மட்டும் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு, இப்ப என் பொண்ணுதான் எம்டன்.

பல்லாவரம் பையன்:
உங்களுக்கெல்லாம் சரித்திரம் இருக்கு, எங்களுக்கு பல்செட்டுதான். சித்தப்பா கல்யாணப் பந்தியில தாத்தா தும்மினதுல மேல் செட்டு கழண்டு நேரா பாயச வாளியில, கரண்டி விட்டு துழாவுறாங்க, முந்திரியா வருது, பல்லு வரல, அந்த வரிசையில ஒருத்தரும் அப்புறம் பாயசம் வாங்கல. அதுலேர்ந்து எது போனாலும் எங்க வீட்ல "பாயசத்துல பல்ல தேடாத". போன மாசம் ஓஎம்ஆர் டிராபிக்ல காதுல இருந்த இயர்பட் விழுந்துச்சு, வண்டிய ஓரங்கட்டலாமான்னு பாத்தேன், பின்னாடி உக்காந்திருந்த அம்மா அதையே சொல்லி முதுகுல தட்டுனாங்க. கெளம்பிட்டேன்.

பெரம்பூர்க்காரன்:
வாத்தியார் சார் நன்றி. ஆயாகிட்ட 93.75ன்னு சொன்னா "அதத்தானடா நானும் சொன்னேன்"ங்கறாங்க. இன்னிக்கு ஆபீஸ் கால்ல வேலை எவ்ளோ முடிஞ்சுதுன்னு மேனேஜர் கேட்டார், முக்காலே மூணு வீசம்னு விட்டுப் பாத்தேன். மனுஷன் அசரவே இல்ல, "சரி, அந்த ஒரு வீசம் எப்ப?"ன்னுட்டார்.